அடிபம்பில் பூசிய சிவப்பு

நோயையும் சூழல் நச்சையும் வரைபடத்தில் காட்டும் இடஞ்சார் புள்ளியியல் மென்பொருள்களைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மென்பொருளை இயக்கும் முறையை ஒரு பயிலரங்கில் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். அது வரைந்து கொடுக்கும் படத்தை எப்படிப் படிப்பது, படித்தபின் எங்கே போவது என்பதற்குத்தான் எனக்கு வாழ்நாளில் பாதி போயிற்று. அதைப் பற்றியே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற முதுகலை மாணவர் ஒருவர், ஒரு நகரத்தின் டெங்கு வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். வார்டு வார்டாக நிறம் தீட்டிய படம். பெரும்பாலான வார்டுகள் வெளிர்மஞ்சள்; நடுவில் இரண்டே வார்டுகள் ரத்தச் சிவப்பு. "இங்கதான் சார் கொசு ஒழிப்பை முடுக்கணும்" என்றார். முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டேன். ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து. அந்த இரண்டு வார்டுகளுக்கும் நேரில் போனதுண்டா? இல்லை. மறுநாள் பேருந்து பிடித்துப் போய்வந்தார். மருத்துவமனையே அங்கேதான் இருந்தது. அதைச் சுற்றி லாட்ஜுகள். வெளியூரிலிருந்து நோயாளியை அழைத்துவந்தவர்களில் பலர், சீட்டுப் போடும் இடத்தில் முகவரி கேட்டபோது, தாங்கள் தங்கியிருந்த லாட்ஜின் முகவரியைச் சொல்லியிருந்தார்கள். கொசு கடித்தது எங்கோ ஒரு கிராமத்தில். சிவப்பு விழுந்தது இங்கே. மென்பொருளின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அந்த மாணவர் படத்தைத் தூக்கி எறியவில்லை. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அதையே வைத்து, அது ஏன் தவறு என்று எட்டுப் பக்கம் எழுதினார். நான் மேற்பார்த்த ஆய்வேடுகளில் எனக்கு மிகவும் பிடித்த எட்டுப் பக்கம் அது.

நோய் வரைபடத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் அடியில் ஒரு பின்னம் இருக்கிறது. மேலே தொகுதி: எத்தனை பேருக்கு நோய் வந்தது. கீழே பகுதி: எத்தனை பேருக்கு வந்திருக்கக்கூடும். செய்தித்தாளும் அரசும் மேலே இருப்பதைப் பார்க்கின்றன. கீழே இருப்பதை எண்ணுவது சலிப்பான, செலவு பிடிக்கும் வேலை. நம் நாட்டில் 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பல ஆண்டுகளாக 2011ஆம் ஆண்டின் எண்களை நீட்டித்தே இந்தப் பகுதியை நிரப்பி வருகிறோம். அந்தக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசிக்கும் கள்ளக்குறிச்சிக்கும் 2011ஆம் ஆண்டு மாவட்ட மக்கள்தொகை வேண்டுமென்றால், வட்டங்களையும் ஊர்களையும் கூட்டித்தான் எடுக்கவேண்டும். எல்லை மாறினால் பின்னம் மாறும். பின்னம் மாறினால் நிறம் மாறும். ஒருவருக்குக்கூட நோய் கூடவோ குறையவோ வேண்டியதில்லை.

பகுதி சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது தற்செயல். வாசலில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டம் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நூறு அரிசி மணிகளை அதன்மேல் இறையுங்கள். கட்டத்துக்கு ஒன்று என்று சமமாக விழாது. ஏறத்தாழ 37 கட்டங்கள் காலியாக இருக்கும். இன்னொரு 37இல் ஒரு மணி, 18இல் இரண்டு, மீதி எட்டுக் கட்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ. நான்கு ஐந்து மணிகள் குவிந்த கட்டம் ஒன்றிரண்டு பெரும்பாலும் இருக்கும். அந்தக் கட்டத்தில் வசிக்கும் குடும்பத்தின் இடத்தில் நின்று பாருங்கள்: நம் தெருவில் மட்டும் ஏன் நான்கு பேருக்குப் புற்றுநோய்? பக்கத்திலிருக்கும் தொழிற்சாலையா, செல்பேசிக் கோபுரமா, குடிதண்ணீரா? அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. அதைக் கேட்பவரிடம் "தற்செயல்" என்ற ஒற்றைச் சொல்லை வீசிவிட்டுப் போவது அநாகரிகம். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமையைக் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கவேண்டும்.

இந்தத் துறையில் மென்பொருள் கற்பவர்களில் பலர் முதலில் சந்திக்கும் தரவு ஸ்காட்லாந்தின் உதட்டுப் புற்றுநோய்த் தரவுதான். 1975 முதல் 1980 வரை, 56 மாவட்டங்கள், மொத்தம் 536 நோயாளிகள். ஸ்கை-லோக்கால்ஷ் என்ற மாவட்டத்தில், அங்குள்ளவர்களின் வயதையும் பாலினத்தையும் கணக்கில் கொண்டால், எதிர்பார்த்திருக்க வேண்டியது 1.4 பேர். வந்தது 9 பேருக்கு. ஆறரை மடங்கு. பட்டியலின் மறுகோடியில் ஒருவருக்குக்கூட நோய் வராத இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. இந்த விகிதங்களை அப்படியே நிறமாகத் தீட்டினால் முதலாவது நரகம், கடைசி இரண்டும் சொர்க்கம் என்று தோன்றும். எதிர்பார்ப்பே ஒன்று, இரண்டு என்றிருக்கும் இடத்தில் ஒரு நோயாளி கூடினாலோ குறைந்தாலோ விகிதம் துள்ளிக் குதிக்கும். மக்கள் குறைந்த இடங்கள்தாம் எந்தப் பட்டியலிலும் உச்சியிலும் அடியிலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இதற்கு ஒரு வழியை டேவிட் கிளேட்டனும் ஜான் கால்டரும் 1987இல் காட்டினார்கள். 1991இல் ஜூலியன் பெசாக், ஜெரெமி யார்க், ஆன்னி மொலியே மூவரும் அதை விரித்தார்கள். சிறிய மாவட்டம் தன் எண்ணை மட்டும் நம்பாமல், அக்கம்பக்கத்து மாவட்டங்களிடமும் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறது. தரவு வலுவாக உள்ள இடம் தன் சொல்லிலேயே நிற்கும். தரவு மெலிந்த இடம் அண்டை வீட்டாரின் பக்கம் சாயும். ஸ்கை-லோக்கால்ஷின் உயரம் இப்படிச் செய்தபின் இறங்குகிறது, ஆனாலும் உயர்ந்தே நிற்கிறது. விவசாயம், மீன்பிடித்தல், காட்டுவேலை என்று வெயிலில் உழைப்பவர்களின் பங்கையும் மாதிரியில் சேர்த்தால், அந்த உயரத்தின் ஒரு பகுதிக்குக் காரணமும் தெரிகிறது. உதட்டில் விழும் வெயில்.

வின்பக்ஸ் என்ற மென்பொருளில் இந்தக் கணக்கை இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்த காலம் ஒன்று உண்டு. 2009இல் ஹோவார் ரூவும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட இன்லா முறை வந்தபின், ஆர் மொழியில் அதுவே தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. வேகம் நல்லதுதான். ஆனால் அண்டை வீட்டாரைக் கேட்கும் எந்த முறையும், உண்மையாகவே தனித்து நஞ்சுண்ட ஒரு சிற்றூரைப் பக்கத்து ஊர்களின் நலத்தில் கரைத்துவிடக்கூடும். மாணவர்களிடம் நான் எப்போதும் இரண்டு படங்களைக் கேட்பேன்: ஒன்று ஆபத்தின் மதிப்பீடு, மற்றது அந்த மதிப்பீட்டில் உள்ள ஐயம். ஒரே பக்கத்தில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில். இரண்டாவது படத்தைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

நோய் கொத்தாகக் குவிந்த இடத்தைத் தேடும் மென்பொருள்களில் உலகமெங்கும் பழகியது சாட்ஸ்கேன். மார்ட்டின் குல்டார்ஃப் 1997இல் வகுத்த முறை, இலவசம். வரைபடத்தின் மேல் ஒரு வட்டத்தை வைத்து அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகும், வழக்கமாக மக்கள்தொகையில் பாதியை அது விழுங்கும் வரை. பிறகு அடுத்த மையம், மீண்டும் சிறிதிலிருந்து பெரிது. ஒவ்வொரு வட்டத்திலும் உள்ளே இருக்கும் நோய்விகிதத்தை வெளியே இருப்பதோடு ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் வலுவான வட்டத்தை எடுத்துக்கொள்ளும். அதன்பின் செய்வதுதான் முக்கியம்: அரிசியை இறைப்பதுபோல, கொத்து எதுவும் இல்லாத 999 கற்பனை வரைபடங்களைத் தானே உருவாக்கி, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் மிக வலுவான வட்டத்தோடு நம் வட்டத்தை வரிசையில் நிறுத்தும். ஆயிரத்தில் அது முதலாவதாக வந்தால் கவனிக்கத் தக்கது.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, தனக்கு வரும் நோய் அறிவிப்புகளை நாள்தோறும் இந்த மென்பொருளில் ஓட்டிவந்தது. 2015 ஜூலையில் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் லீஜனேர் நோய் குவிவதை அது காட்டியது. நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா நோய் அது. நீர்த்திவலைகளை மூச்சில் இழுத்தால் தொற்றும். கட்டடங்களின் மொட்டைமாடியில், குளிர்சாதனத்துக்காக நிற்கும் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து அந்தத் திவலை பரவலாம். ஆனால் நகரில் எத்தனை கோபுரங்கள், எங்கெங்கே என்று ஒரு முழுப் பட்டியல் அன்றைக்கு இல்லை. நோயின் படம் கையில் இருந்தது. நச்சின் படம் இல்லை. மாடி மாடியாக ஏறித் தண்ணீர் எடுத்தார்கள். நோயாளிகளிடமிருந்து எடுத்த பாக்டீரியாவின் மரபணு வரிசை ஒரு ஹோட்டலின் கோபுரத்திலிருந்து எடுத்ததோடு ஒத்துப்போனது. அதற்குள் 138 பேர் நோயுற்றிருந்தார்கள். 16 பேர் இறந்துபோனார்கள். அந்த ஆகஸ்டிலேயே நகரம் சட்டம் இயற்றியது: எல்லாக் குளிர்விப்புக் கோபுரங்களும் பதிவு செய்யப்படவேண்டும். அந்தப் பதிவேடு முன்பே இருந்திருந்தால் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும் என்று நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

இங்கே ஆட்படுதல் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு நச்சு சூழலில் இருப்பது வேறு, ஒரு மனிதர் அதற்கு ஆட்படுவது வேறு. இந்த வேறுபாட்டை முதலில் கணக்கில் நிறுத்திக் காட்டியவர்களில் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோவும் ஒருவர். லண்டனில் காலரா பரவியபோது, சோஹோ பகுதியில் பிராட் தெருப் பம்பின் கைப்பிடியை 1854 செப்டம்பரில் கழற்றிய கதை எல்லாருக்கும் தெரியும். அதைவிட்டு அதே ஆண்டு அவர் தென்லண்டனில் செய்த வேலையைச் சொல்கிறேன். அங்கே ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி தேம்ஸ் நதியில் நகரச் சாக்கடை கலக்கும் பகுதியிலிருந்து தண்ணீர் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் நீர் எடுக்கும் இடத்தை மேல்நதிக்கு மாற்றியிருந்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே காற்று, ஒரே வாடகை. குழாய் மட்டும் வேறு. பகுதி பகுதியாக எந்த நிறத்தைத் தீட்டினாலும் இந்த வேறுபாடு முழுதாகத் தெரியாது, ஏனென்றால் பல பகுதிகளில் இரண்டும் கலந்திருந்தன. ஸ்னோ வீடு வீடாகப் போனார். எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று பல குடித்தனக்காரர்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் கட்டணத்தை வீட்டுக்காரர் கட்டிவந்தார். ஸ்னோ ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்து வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார். கீழ்நதித் தண்ணீரில் உப்பு சுமார் நாற்பது மடங்கு கூடுதல். குப்பி பால்போல வெளுக்கும். இப்படி எண்ணிக் கிடைத்தது: சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் தண்ணீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 காலரா மரணங்கள். லாம்பெத் தண்ணீர் பெற்ற 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315, மற்றதில் 37. வாசலில் நின்று கையிலெடுத்த ஒரு குப்பித் தண்ணீர்தான் ஒவ்வொரு மரணத்தையும் சரியான பின்னத்தில் சேர்த்தது.

அடுத்த கதையில் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள். வங்கதேசத்தின் ஆர்சனிக் கதை. நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்திருந்த பொருளில் இருக்கும் தனிமம்தான் ஆர்சனிக்.

1970களில் வங்கதேசத்துக் கிராமங்களில் குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். யுனிசெஃப் துணையோடு குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. ஒரு குழாய், மேலே ஒரு அடிபம்பு. மக்கள் தங்கள் காசிலேயே மேலும் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் தெளிவாக, குளிர்ச்சியாக இருந்தது. ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. எந்தத் தொழிற்சாலையும் அதைக் கொட்டவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மண்துகள்களில், இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அது கிடந்தது. காற்றோட்டமில்லாத நிலத்தடியில், மக்கிய தாவரப் பொருளை நுண்ணுயிரிகள் தின்னும்போது இரும்பு கரைகிறது; ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணீரில் இறங்குகிறது.

எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தில், கொல்கத்தாவின் தோல்நோய் மருத்துவர் கே.சி. சாஹா 1983இல் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, உடம்பில் மழைத்துளி தெறித்ததுபோலக் கரும்புள்ளிகள் விழுந்த நோயாளிகளைக் கண்டு, காரணம் குடிநீர் ஆர்சனிக் என்று அறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி பல்லாண்டுகள் ஊர் ஊராகத் தண்ணீரைச் சோதித்தார். வங்கதேசத்தில் 1993இல் சாப்பாய் நவாப்கஞ்சில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. ஆலன் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் 2000இல் இதை வரலாற்றிலேயே மிகப் பெரிய மக்கள்திரள் நச்சேற்றம் என்று குறிப்பிட்டார்கள். அதில் மிகை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாடு முழுவதற்கும் ஒரு படம் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 64 மாவட்டங்களில் 61இலிருந்து 3,534 கிணறுகளின் தண்ணீரை எடுத்தன. ஏறத்தாழ 37 சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிணறு. இடைப்பட்ட வெறுமையை நிரப்பப் பயன்பட்டது கிரிகிங் என்ற முறை. அதன் பிறப்பிடம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். டேனி கிரிக் என்ற சுரங்கப் பொறியாளர், சில இடங்களில் துளையிட்டு எடுத்த பாறையை வைத்து, துளையிடாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிக்க 1951இல் செய்த வேலையை, பிரான்சின் ஜார்ஜ் மாத்ரோன் ஒரு கோட்பாடாக வளர்த்து அவர் பெயரையே வைத்தார். முதலில் வேரியோகிராம் என்ற ஒரு வளைகோடு வரைகிறோம்: இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் கூடக் கூட அவற்றின் அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று. தூரமே இல்லாதபோது வேறுபாடும் பூஜ்ஜியமாக இருக்கவேண்டும் அல்லவா? சுரங்கத்தில் அப்படி இருக்கவில்லை. ஒரு கையளவு பாறையில் தங்கக் கட்டி கிடைக்கும், பக்கத்துக் கையளவில் ஒன்றும் இராது. தூரம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போதும் மிஞ்சி நிற்கும் அந்த வேறுபாட்டுக்கு நகெட் என்றே பெயர். தங்கக் கட்டி என்று பொருள். தங்கம் தேடியவர்கள் வைத்த பெயர், நஞ்சு தேடுகிறவர்களுக்கு மிக முக்கியமான எச்சரிக்கையாக ஆனது.

2001இல் வெளிவந்த அந்த நாட்டுப்படம் பெரும்பணி செய்தது. தென்கிழக்கில் அடர்சிவப்பு, வடமேற்கில் வெளிர்நிறம். 150 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள கிணறுகளில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வங்கதேச வரம்பைத் தாண்டின. உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 என்ற வரம்பை 46 விழுக்காடு தாண்டின. அதைவிட ஆழமான கிணறுகளில் 50ஐத் தாண்டியவை வெறும் ஒரு விழுக்காடு. 3.5 கோடிப் பேர் 50க்கு மேல் குடிக்கிறார்கள் என்று மதிப்பிட முடிந்தது. உலகம் பணம் தர, அரசு எங்கே தொடங்குவது என்று முடிவு செய்ய, இந்தப் படம் போதும்.

ஆனால் ஒரு தாய் எந்தப் பம்பில் குடத்தை வைப்பது என்பதற்கு அது போதாது. டாக்காவுக்கு அருகே அராய்ஹசார் என்ற இடத்தில், அலெக்சாண்டர் வான் கீனும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக் குழுவினரும் 25 சதுர கிலோமீட்டருக்குள் 6,000 கிணறுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, கையடக்க ஜிபிஎஸ் கருவியால் இடம் குறித்தார்கள். ஐந்து மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்து 900 வரை, எல்லா அளவும் அந்தச் சிறு நிலப்பரப்புக்குள்ளேயே இருந்தன. நாட்டுப்படத்தின் கணக்கில் அந்த இடத்துக்கு ஒரு மாதிரிகூட முழுதாக விழாது. அடுத்தடுத்த முற்றங்களில் ஒன்று நஞ்சு, மற்றது நல்ல தண்ணீர். ஆழத்தைப் பொறுத்தும் மாறியது: எட்டிலிருந்து பத்து மீட்டர் ஆழத்தில் வரம்பைத் தாண்டியவை 25 விழுக்காடு, பதினைந்திலிருந்து முப்பது மீட்டரில் 75 விழுக்காடு, தொண்ணூறு மீட்டரில் பத்துக்கும் குறைவு. தாளில் விரியும் படத்துக்கு நீளமும் அகலமும்தான் உண்டு. நஞ்சு கீழ்நோக்கி அடுக்கடுக்காக இருந்தது. கிணற்றின் ஆழத்தை யாரிடம் கேட்பது? கிணற்றுக்குச் சொந்தக்காரரிடமே. எத்தனை குழாய் இறங்கியது என்று அவருக்கு நினைவிருக்கும், காசு கொடுத்தது குழாய்க் கணக்கில் அல்லவா.

அந்த ஆறாயிரம் புள்ளிகளிலிருந்து எந்த நாட்டுப்படமும் தர முடியாத ஒரு நற்செய்தி கிடைத்தது. நச்சுக் கிணறு வைத்திருந்தவர்கள் உட்பட, அங்குள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஒரு நல்ல கிணற்றிலிருந்து நூறு மீட்டருக்குள்ளேயே வசித்தார்கள். நாட்டுப்படம் இந்த வட்டாரம் முழுவதையும் கைவிடச் சொல்லும். வீட்டுப்படம் பக்கத்து முற்றத்துக்குப் போகச் சொன்னது. நகெட் பெரிதாக இருந்ததே மீட்சியாயிற்று.

நாடு முழுவதும் நடந்த பெருஞ்சோதனையில் சுமார் 50 லட்சம் கிணறுகளை எளிய சோதனைப் பெட்டி கொண்டு பார்த்து, நல்லதற்குப் பச்சையும் நஞ்சுக்குச் சிவப்பும் பம்பின் மேலேயே பூசினார்கள். சிவப்புப் பெற்றவை ஏறத்தாழ 14 லட்சம். நான் பார்த்த நோய் வரைபடங்களில் ஒப்பற்றது இதுதான். படிப்பறிவு வேண்டாம், திரை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நிறம், ஆட்படும் இடத்திலேயே, குடம் வைக்கும் கையின் முன்னாலேயே இருந்தது.

அராய்ஹசாரில் 2000இல் தொடங்கிய ஹீல்ஸ் ஆய்வு, ஏறத்தாழ 12,000 பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவர் கிணற்றையும் ஒவ்வொருவர் சிறுநீரையும் அளந்து பின்தொடர்ந்தது. 2010இல் லான்செட் இதழில் வந்த முடிவு: அந்த மக்களின் மொத்த மரணங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக்கோடு தொடர்புபடுத்தத் தக்கது. வரைபடத்திலிருந்து உருவிய சராசரியை வைத்து இந்த உறவைத் தேடியிருந்தால், அது இத்தனை தெளிவாகத் தெரிந்திருக்காது. ஒரே ஊர்ச் சராசரியை எல்லார் தலையிலும் சுமத்தும்போது, உண்மையில் நஞ்சு குடித்தவரும் குடிக்காதவரும் ஒரே எண்ணைப் பெறுகிறார்கள்; நோயோடு உள்ள உறவு மங்கிப்போகிறது.

கிணறு நஞ்சு என்று அறிந்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் 58 விழுக்காட்டினர் வேறு கிணற்றுக்கு மாறினார்கள். மீதிப் பேர்? ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவையில் நூறு மீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர். குடம் சுமக்கும் பெண்ணுக்கு அது அடுத்தவர் முற்றம், அந்த வீட்டுக்காரியின் முகம், ஒரு நாளைக்குப் பல நடை, மழைக்காலச் சேறு. இந்தத் தூரத்தை அளக்கும் கட்டளை எந்த மென்பொருளிலும் இல்லை. அரசு போட்ட ஆழக் கிணறுகளும் எல்லாருக்கும் கிட்டவில்லை: அரசியல்வாதிகள் தமக்கு வேண்டியவர்களின் முற்றங்களுக்கு அவற்றைத் திருப்பிவிட்டார்கள் என்று 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை எழுதியது. கிணறுகளின் இருப்பிடப் பதிவே அதற்கும் ஒரு சான்றாயிற்று. நோயை மட்டும் வரையாதீர்கள், மருந்து போய்ச் சேர்ந்த இடத்தையும் வரையுங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். வீட்டு அளவிலான படம் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். காசநோய், எச்.ஐ.வி. நோயாளியின் புள்ளியை உள்ளபடியே அச்சிட்டால், தெருவை அறிந்த எவரும் பெயரைச் சொல்லிவிடுவார். புள்ளியைச் சற்று நகர்த்தி அச்சிடுவதற்கும், பகுதியாகத் திரட்டிக் காட்டுவதற்கும் முறைகள் இருக்கின்றன. கிணற்றின் நிறத்தை ஊரறியப் பூசலாம். மனிதரின் நோயை அப்படிப் பூசக்கூடாது.

இந்த மென்பொருள்களில் பல இலவசம்: கியூஜிஐஎஸ், ஜியோடா, சாட்ஸ்கேன், ஆர். ஒரு காலத்தில் பெரும் நிறுவனங்களுக்கு மட்டுமே எட்டிய கணக்கு இன்று மாவட்டக் கல்லூரி ஒன்றின் பழைய கணினியில் ஓடும். நம்மிடமும் நிலத்தடியில் நஞ்சு இருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பாறைகளிலிருந்து தண்ணீரில் இறங்கும் ஃபுளோரைடால் பல் கறைபட்ட குழந்தைகளையும் எலும்பு வளைந்த முதியவர்களையும் பார்த்திருக்கிறோம். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் செயலுக்கு வந்தது. வட்டாரப்படம் செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒரு குடும்பம் எந்தப் போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறது, தோட்டத்தில் வேலைசெய்பவர் மத்தியானம் எங்கே தண்ணீர் குடிக்கிறார் என்பது அந்தப் படத்தில் இல்லை. அங்கே இன்னும் போகவேண்டியிருக்கிறது, ஒரு குப்பியோடும் ஒரு நோட்டோடும்.

மாணவ நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த ஆண்டு இந்தத் துறையில் ஆய்வேடு எழுதப்போகிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். வரைபடத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை போடுங்கள். எத்தனை வீடுகளில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று ஒரு நெடுவரிசை. அதில் எத்தனை வீடுகளுக்குத் திரும்பப் போய், "உங்கள் தண்ணீரில் இவ்வளவு இருக்கிறது, இன்ன இடத்துத் தண்ணீர் நல்லது" என்று சொன்னீர்கள், எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று இன்னொரு நெடுவரிசை. தேர்வாளராக வரும்போது நான் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.